எத்தனை ஆண்டு இருந்தால் உள்ளூர்க்காரர்?
ஹைதராபாத் தேர்தல்களில் அடையாளச் சொற்கள் வசைச் சொற்களான கதை

"இட்லி சாம்பாரே, திரும்பிப் போ!" 1952இல் ஹைதராபாத் வீதிகளில் மாணவர்கள் எழுப்பிய கோஷம் இது. குறி பலகாரம் அல்ல. சென்னை மாகாணத்திலிருந்து வந்து அரசுப் பதவிகளில் அமர்ந்தவர்கள். 1948 போலீஸ் நடவடிக்கைக்குப் பின் உருதுவின் இடத்தை ஆங்கிலம் பிடிக்க, வெளியூர்க்காரர்களுக்கு மவுசு கூடியிருந்தது. கிளர்ச்சியில் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் போயின.

உள்ளூர்க்காரர் 'முல்கி', வெளியார் 'கைர் முல்கி'. நிஜாமின் 1919 ஆணைப்படி, 15 ஆண்டுகள் குடியிருந்து, இங்கேயே தங்க உறுதியளிப்பவரும் முல்கியாகலாம். வேலைக்கான அந்தத் தகுதிச் சொல்தான் வீதியில் வசவாயிற்று.

1956இல் ஆந்திராவுடன் இணைப்பு. குறி மாறியது. 1969 கிளர்ச்சிக்குப் பின், 1971 மக்களவைத் தேர்தலில் தெலங்கானா பிரஜா சமிதி 14 தொகுதிகளில் பத்தை அள்ளியது. கடலோர ஆந்திராவிலிருந்து வந்து குடியேறியவர்களுக்கு 'செட்டிலர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

2014இல் தனி மாநிலம் பிறந்ததும் டி.ஆர்.எஸ்.ஸுக்கு ஒரு சிக்கல்: தலைநகரில் செட்டிலர் ஓட்டு இல்லாமல் முடியாது. 2016 மாநகராட்சித் தேர்தலில் அரவணைப்புப் பேச்சு. 150 வார்டுகளில் 99 கிடைத்தன. 2018 சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசுடன் சந்திரபாபு நாயுடு கைகோத்தபோது பழைய ஆயுதம் வெளியே வந்தது. இம்முறை அடி 'ஆந்திரத் தலைவர்' மேல். ஆந்திர வாக்காளர் மேல் அல்ல. 119 தொகுதிகளில் 88 டி.ஆர்.எஸ். வசம். செட்டிலர்கள் நிறைந்த குகட்பல்லியிலேயே என்.டி.ஆரின் பேத்தி தோற்றார்.

2020 மாநகராட்சித் தேர்தலில் வசை பா.ஜ.க. பக்கமிருந்து வந்தது. நகரை 'நிஜாம் கலாசாரத்திலிருந்து' விடுவிப்போம் என்றார் அமித் ஷா. எதிரிகளைச் சாட 'ரஜாக்கர்' என்ற சொல்லும் புழங்கியது. உருதுவில் தொண்டர் என்றே பொருள். காசிம் ரஜ்வியின் ஆயுதப்படை அதைக் கறைபடுத்திவிட்டது. அக்டோபர் வெள்ளத்தின் கோபமும் சேர, பா.ஜ.க. 4 வார்டுகளிலிருந்து 48க்குத் தாவியது. டி.ஆர்.எஸ். 56க்குச் சரிந்தது.

2022இல் டி.ஆர்.எஸ். தன் பெயரிலிருந்த 'தெலங்கானா'வை 'பாரத்' ஆக்கி பி.ஆர்.எஸ். ஆனது. 2023இல் மாநிலத்தை இழந்தது. ஆனால் குகட்பல்லி, சேரிலிங்கம்பல்லி, எல்.பி. நகர் போன்ற செட்டிலர் தொகுதிகள் அதன் கையிலேயே நின்றன!

வாக்காளர் வசையை மறந்து ஓட்டுப் போடலாம். ஆனால் இங்கேயே பிறந்த மூன்றாம் தலைமுறையும் தேர்தல் வந்தால் 'எந்த ஊர்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. நிஜாமின் ஆணைக்கு 15 ஆண்டு போதுமாயிருந்தது. பிரசார மேடைக்கு எத்தனை ஆண்டும் போதவில்லை.