பீரோவுக்குள் பதினைந்து நிமிஷம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி. சரியாகப் பதினைந்து நிமிஷம் ஒரு இரும்பு பீரோவுக்குள் நின்றுகொண்டிருந்தேன். வெளியே அரையிருட்டு. கதவு இடுக்கு வழியே பார்த்தால், கறுப்பாக, வழவழவென்று ஒரு வால் போகிறது. வால் போய்விட்டது. வாலுக்குச் சொந்தக்காரர் போனாரா, திரும்பி வருகிறாரா? தெரியவில்லை.

பயப்படாதீர்கள். பீரோ இருந்தது டி.வி-க்குள். நான் இருந்தது எங்கள் வீட்டு ஹாலில், பாயில். ஆனால் பனியன் நனைந்தது மட்டும் நிஜம் ஸார்!

ஆட்டத்தின் பெயர் ‘ஏலியன்: ஐசோலேஷன்’. 2014 அக்டோபரில் வந்தது. வெளியிட்டது சேகா. செய்தவர்கள் இங்கிலாந்தில் ஹார்ஷம் என்ற ஊரிலிருக்கும் ‘கிரியேட்டிவ் அசெம்பிளி’. இவர்கள் பேர் வாங்கியதே ‘டோட்டல் வார்’ என்கிற யுத்த ஆட்டங்களில்தான். ஒரே திரையில் ஆயிரக்கணக்கான சிப்பாய்களை மோதவிட்டவர்கள், திடீரென்று ஒரே ஒரு ஜந்துவைக் கொண்டுவந்து, ‘நீயாச்சு, அதாச்சு’ என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஜந்து பழைய ஆள்தான். 1979-ல் ரிட்லி ஸ்காட் எடுத்த ‘ஏலியன்’ படத்துக்காக ஸ்விட்சர்லாந்து ஓவியர் கீகர் உருவாக்கியது. படத்தில் அதனிடமிருந்து தப்பிப்பவள் எலன் ரிப்ளி. நடித்தவர் சிகோர்னி வீவர். ஆட்டத்தில் நாம் எலனின் மகள் அமாண்டா. அம்மா விண்வெளியில் காணாமல் போய்ப் பதினைந்து வருஷம். அம்மா போன கப்பலின் கறுப்புப் பெட்டி ‘செவஸ்டபோல்’ என்கிற விண்வெளி நிலையத்தில் இருப்பதாகத் தகவல் வருகிறது. என்னதான் ஆச்சு என்று தெரிந்துகொள்ளப் போகிறாள் பெண். போன இடத்தில் இது!

துப்பாக்கி கிடைக்கும். சுட்டால் அது சாகாது. நாம் இருக்கிற இடம்தான் தெரிந்துபோகும். பிற்பாடு நெருப்பு கக்கும் கருவி ஒன்று வரும். அதற்கும் கொஞ்சம் விலகிப்போய்த் திரும்பி வரும். ஆக, ஒளிவதும் நழுவுவதும்தான் வித்தை. ஆபீஸ் போகிறவனுக்கு இதைச் சொல்லியா தரவேண்டும்? ஷூ சத்தத்தை வைத்தே மேனேஜரின் மூடைக் கண்டுபிடித்து, ஃபைலும் கையுமாக ஜெராக்ஸ் ரூமுக்கு நழுவிப் பத்து வருஷப் பழக்கம். அந்தத் திமிரில் உட்கார்ந்தேன். முதல் ராத்திரி பதினோரு தடவை செத்தேன்.

ஏன் செத்தேன் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

இந்த ஜந்துவுக்குப் பின்னால் இரண்டு மூளை. மேலே ‘டைரக்டர்’ என்று ஒன்று. நாம் எங்கே இருக்கிறோம் என்பது அதற்கு எப்போதும் தெரியும். கீழே ஜந்துவின் சொந்த மூளை. அதற்குத் தெரியாது. டைரக்டர் நம்மைக் காட்டிக்கொடுக்க மாட்டார். ‘அந்தப் பக்கம் போய்ப் பாரப்பா’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதோடு சரி. மிச்சத்தை ஜந்துவே கண்ணையும் காதையும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ‘உங்க பிராஞ்சில ஏதோ நடக்குது’ என்று ஹெட் ஆபீஸ் சொல்லி இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வருகிற மாதிரி. ஆசாமி வந்துவிட்டார். எந்த மேஜை என்று தெரியாது. நீங்கள் பதறிப்போய் டிராயரைச் சாத்துகிற சத்தத்தில்தான் கண்டுபிடிப்பார்.

இதே டைரக்டர் நம் பயத்துக்கும் கணக்கு வைத்திருக்கிறார். ஜந்து எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது, நம் கண்ணில் படுகிறதா என்பதையெல்லாம் வைத்து உள்ளுக்குள் ஒரு மீட்டர் ஏறுகிறது. ரொம்ப ஏறிவிட்டால் ‘போதும், பாவம்’ என்று ஜந்துவைக் கூரைக்கு மேலே இருக்கும் காற்றுக் குழாய்க்குள் அழைத்துக்கொள்வார். நாம் அப்பாடா என்று உட்கார்ந்தால் மறுபடி அனுப்புவார்.

இன்னொரு வயிற்றெரிச்சல். ஜந்துவின் சில புத்திகளை ஆரம்பத்தில் பூட்டி வைத்திருக்கிறார்கள். நாம் செய்கிற காரியங்களைப் பொறுத்து ஒவ்வொன்றாகத் திறக்கும். அதாவது நாம் பழகப் பழக, அதுவும் பழகுகிற மாதிரியே இருக்கும். நான் பீரோவே கதி என்று கிடந்தேனா... முதலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது, அந்தப் பதினைந்தாவது நிமிஷத்தில் நேராக வந்து கதவைப் பிய்த்தது. பின்னால் சாய்ந்து மூச்சைப் பிடித்துக்கொள்ள ஒரு பட்டன் உண்டு. அதையும் ரொம்ப நேரம் அழுத்தினால் நம் உடம்புதான் கெடும்.

கையில் ஒரு சின்னப் பெட்டி கொடுக்கிறார்கள். அசைவதைப் புள்ளியாகக் காட்டும். அசைவதை மட்டும்! ஜந்து சும்மா நின்றால் புள்ளி கிடையாது. ‘புள்ளி இல்லையே’ என்று நான் குஷியாகக் கதவைத் திறந்து அதன் மார்பிலேயே முட்டியிருக்கிறேன். தவிர, பெட்டி போடுகிற ‘பிப் பிப்’ சத்தம் பக்கத்தில் இருந்தால் அதற்கும் கேட்கும். ஒரு விநாடி பார்த்துவிட்டு இறக்கிவிட வேண்டும். அப்புறம் காதுதான் துணை. தலைக்கு மேல் தகரம் தடதடத்தால் குழாயில் இருக்கிறது. தரையில் ‘தொம் தொம்’ என்றால் நம்மோடு இருக்கிறது. கூரை ஓட்டையிலிருந்து எச்சில் சொட்டினால் அதன் அடியில் போகாதீர்கள். ஓடவே ஓடாதீர்கள்.

ஆடியதைப் பதிவு செய்துகொள்வதாவது நிம்மதியா? சுவரில் டெலிபோன் பூத் மாதிரி ஒன்று. அதில் கார்டைச் செருகி, மூன்று விளக்கு ஒவ்வொன்றாக எரியும்வரை நிற்க வேண்டும். நிற்கும்போதும் அடிக்கலாம். கோவிலில் கற்பூரத் தட்டைக்கூட நான் அவ்வளவு பக்தியோடு பார்த்ததில்லை.

கேமை கொண்டுவந்து கொடுத்தவன் என் மச்சினன். போகும்போது, “மாமா, கேமராவையும் மாட்டிட்டேன். என்ஜாய் பண்ணுங்க” என்றான். அர்த்தம் அடுத்த சனிக்கிழமைதான் புரிந்தது. மேஜைக்கு அடியில் பதுங்கி இருக்கிறேன். ஜந்து நகர்ந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து சமையலறையில் குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. விருட்டென்று திரும்பி வந்து... முடிந்தது கதை!

போன் போட்டேன். “ஆமா மாமா, கேமரால இருக்கற மைக் வழியா நம்ம வீட்டுச் சத்தமும் அதுக்குக் கேக்கும். வேணாம்னா ஆஃப் பண்ணிக்கலாம்” என்று சிரித்தான் பாவி.

ஆஃப் பண்ணவில்லை, ரோஷம். மூன்றாவது வாரம் அடுப்பை அணைத்துவிட்டு மனைவியும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “அது போன ரூமுக்குள்ளயே போங்களேன். இப்பத்தானே தேடிட்டுப் போச்சு” என்று காதில் கிசுகிசுத்தாள். நானும் வால் வாசலைத் தாண்டியதும் மூன்று எண்ணிவிட்டு வெளியே வந்தேன். குனிந்தபடியே அது அலசிவிட்டுப் போன அறைக்குள் நுழைந்தேன். மருத்துவமனைப் பகுதியை அன்றைக்குத்தான் தாண்டினேன். கூட வந்தவளுக்கு அடிபட்டு, மருந்து எடுக்கப் போகிற கட்டம் அது. மூன்று வாரமாகப் படுத்தியது, ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவிலிருந்த பத்தடியில் முடிந்தது.

அப்புறம் ஒரு கூடம். நாலு பேர் துப்பாக்கியோடு நின்றார்கள். அவர்களும் ஜந்துவுக்குப் பயந்து கிடப்பவர்கள்தான். ஆனால் நம்மைப் பார்த்தால் சுடுவார்கள். என்னிடம் கீச்சென்று கத்துகிற கருவி ஒன்று இருந்தது. அவர்கள் நடுவே உருட்டிவிட்டேன். கூரையிலிருந்து ஜந்து இறங்கியது. நான் ஓரமாக நழுவினேன். உயிரோடு இருந்தேன்.

“அவங்களும் உங்கள மாதிரி பயந்துபோய்த்தானே நின்னாங்க?” என்றாள் மனைவி.

“கேம்தானேம்மா...”

அவள் பதில் சொல்லவில்லை. எனக்கும் அந்த இடம் பிடிக்கவில்லை. அடுத்த தடவை அதே கூடத்தைச் சுற்றிப் போக இருபது நிமிஷம் ஆயிற்று. நடுவில் இரண்டு தடவை செத்தேன்.

போன வாரம் கடைசிக் கட்டத்துக்கு வந்தோம். காணாமல் போன அம்மா மகளுக்காகப் பேசி வைத்த செய்தி ஒன்று கிடைக்கிறது. பேசுவது சிகோர்னி வீவரேதான். மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கடைசில அம்மாகிட்ட போய்ச் சேந்துடுவா இல்லீங்க?”

எனக்குத் தெரியும். 1986-ல் வந்த ‘ஏலியன்ஸ்’ படத்தின் நீளமான பதிப்பில் அந்தக் காட்சி இருக்கிறது. ஐம்பத்தேழு வருஷத் தூக்கத்திலிருந்து எலன் எழுந்து மகளைப் பற்றிக் கேட்கிறாள். ஒரு கிழவியின் போட்டோவைக் கையில் கொடுக்கிறார்கள். அமாண்டா அறுபத்தாறு வயசில் போய்விட்டாள். பதினோராவது பிறந்தநாளுக்கு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவள் எலன். போட்டோவில் இருப்பது, சிகோர்னி வீவரின் சொந்த அம்மா.

“என்னங்க, கேட்டுக்கிட்டே இருக்கேன்...”

“உஷ்... மைக் ஆன்ல இருக்கு” என்றேன்.