கணினிக்கு வேண்டியது குளிர்விப்பான் அன்று; ஆற்றி

தேக்கா அங்காடியின் உணவுக் கடைகளில் 'தே தாரிக்' ஆற்றும் காட்சி சிங்கப்பூரில் வாழ்வோர் அனைவரும் கண்டதே. ஒரு குவளையை உயரத் தூக்கி மற்றொன்றில் தேநீரை நீள ஊற்றுவர். மெல்லிய தாரையாக நீண்டு விழும் தேநீர், பரந்த பரப்பில் காற்றைத் தழுவித் தன் சூட்டை அதனிடம் விட்டுவிடுகின்றது. இச்செயலுக்குத் தமிழில் குளிர்வித்தல் என்று பெயரில்லை. ஆற்றுதல் என்றே பெயர். எத்துணை நேரம் ஆற்றினாலும் தேநீர் பனிநீர் ஆகிவிடாது. ஏறத்தாழச் சூழ்ந்துள்ள காற்றின் சூட்டளவில் வந்து நின்றுவிடும். குளிர் வேறு, ஆறல் வேறு என்பதை நம் மொழி இவ்வாறு தெளிவாகப் பிரித்து வைத்துள்ளது.

இவ்வேறுபாட்டை மறந்ததனால் பணத்தையும் உறக்கத்தையும் இழப்போர் இந்நாளில் உளர். உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி வீட்டிலேயே கணினி பூட்டும் பழக்கம் இங்கு நெடுநாளாக உண்டு. அதற்குரிய கடைகள் நிறைந்த சிம் லிம் சதுக்கம், 1987ஆம் ஆண்டில் எழுந்த கட்டடம். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே சென்றுவிடலாம். அங்குச் செல்வோர் செயலியைத் தேர்ந்தெடுத்தபின் அதன்மேல் பொருத்தும் கருவியைக் கேட்கின்றனர். (செயலி என்ற சொல் இப்போது கைப்பேசியில் இறக்கிக்கொள்ளும் நிரலுக்கும் வழங்குகின்றது. ஈண்டுக் கணக்கிடும் சில்லையே அது குறிக்கும்.) அக்கருவியை ஆங்கிலத்தைப் பின்பற்றிக் குளிர்விப்பான் என்கின்றோம். குளிர்விப்பான் என்ற பெயரைக் கேட்டவுடன், விலை கூடக்கூடக் குளிரும் கூடும் என்ற எண்ணம் எழுகின்றது. அக்கருவியோ எள்ளளவு குளிரையும் உண்டாக்குவதில்லை. அது வெறும் ஆற்றி.

ஆற்ற வேண்டிய சூடு எவ்வளவு? செயலி உண்ணும் மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 7600 செயலியின் உறைமேல் 65 வாட் என்று காணப்படும். உழைக்கும் வேளையில் அது 88 வாட் வரை இழுக்கும். இன்டெல் நிறுவனத்தின் ஐ5-13400 செயலிக்கும் அடிப்படை அளவு 65 வாட்டே. உச்ச அளவோ 148 வாட். பழைய 60 வாட் குண்டு விளக்கை எரியும்போது தொட்டவர்கள் அதன் சூட்டை அறிவர். அதனினும் மிகுந்த வெப்பம் கட்டைவிரல் நகமளவுப் பரப்பிலிருந்து எழுகின்றது. ஆகலின் உறைமேல் உள்ள எண்ணை மட்டும் பார்த்து ஆற்றியை வாங்குதல் தவறு. உச்ச அளவையும் அறிதல் வேண்டும்.

இவ்வெப்பத்தை வெளியேற்றும் முறை அழகானது. செயலியின்மேல் ஒரு செப்பு அடித்தளம் அமரும். அங்கிருந்து எழும் செப்புக் குழாய்கள் பல மெல்லிய அலுமினியத் தகடுகளை ஊடுருவிச் செல்லும். குழாய்கள் திண்ணிய கம்பிகள் அல்ல. காற்று நீக்கிய உள்வெளியில் சிறிதளவு நீர் இருக்கும். அழுத்தம் குறைவாதலின் அந்நீர் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவி மேலே ஓடித் தகடுகளிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டு மீண்டும் நீராகும். அகல் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவது போல, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைகளின் வழியே அந்நீர் அடித்தளத்திற்குத் திரும்பும். மோட்டார் இல்லை, ஒலியும் இல்லை. இதனையொத்த அமைப்பிற்கு அமெரிக்காவில் காகுலர் என்பார் 1944இல் காப்புரிமை பெற்றார். 1963இல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் ஜார்ஜ் குரோவர் தனியே இதனை உருவாக்கி வெப்பக்குழாய் எனப் பெயரிட்டார். விண்கலங்களுக்குப் பயன்பட்ட அந்த நுட்பம் இன்று ஐம்பது அறுபது வெள்ளிப் பொருளில் கிடைக்கின்றது.

ஆற்றி என்ற பெயரின் பயன் இனித்தான் விளங்கும். ஆற்றி சூழ்ந்த காற்றிடம் வெப்பத்தை ஒப்படைப்பது. எனவே காற்றின் சூடே அதன் கீழெல்லை. கணினி உறுப்புகளை ஆராய்ந்து எழுதுவோர் பெரும்பாலும் 20, 22 பாகை அறைகளில் அமர்ந்து அளக்கின்றனர். 21 பாகை அறையில் ஒரு செயலி 66 பாகையில் நின்றது என்று எழுதப்பட்டால், உண்மையில் அறிய வேண்டிய எண் 66 அன்று. அறையைவிட உயர்ந்த 45 பாகையே. சிங்கப்பூரில் பகற்சூடு 31 முதல் 33 பாகை வரை ஏறும்; இரவிலும் 23 பாகைக்குக் கீழ் இறங்குவது அரிது. 31 பாகை அறையில் அதே செயலி, அதே ஆற்றியோடு, 76 பாகையைக் காட்டும். இதனைக் கண்டு பொருள் பழுதென்று அஞ்சிக் கடைக்கு ஓடுவோரும், இரு மடங்கு விலையில் வேறொன்று வாங்குவோரும் உண்டு. ரைசன் 7000 வரிசைச் செயலிகள் 95 பாகை வரை தாங்குமாறே அமைக்கப்பட்டவை. 76 பாகையில் அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை.

நீரால் ஆற்றும் கருவிகளுக்கும் இதே விதி. குழாயில் ஓடும் நீர் வெப்பத்தை வேறிடத்திற்குச் சுமந்து செல்கின்றதே ஒழிய, அங்கும் அதனை வாங்கிக்கொள்வது அறைக் காற்றுதான். குளிரூட்டி ஒன்றே மின்னாற்றலைச் செலவிட்டு வெப்பத்தை மேட்டிற்கு ஏற்றுவது. ஆற்றியோ பள்ளத்திற்கு ஓடவிடுவது. செயலியை அறையினும் குளிரச் செய்தால் இவ்வூர் ஈரக்காற்று அதன்மேல் நீர்த்துளிகளாகப் படியும், மின்சுற்று பாழாகும். ஆற்றியால் குளிர்விக்க இயலாதது இங்கு ஒரு நன்மையே.

சூட்டைப்பற்றிய அச்சம் நீங்கினால் எஞ்சுவது ஒலி. 2020 ஏப்ரலில் பள்ளிப்பாடங்கள் முழுவதும் வீட்டிற்கு வந்தபோது, அடுக்குமாடி வீட்டின் ஒரே அறையில் ஒருவர் பாடம் நடத்த, மற்றொருவர் படிக்க, கைக்குழந்தை உறங்க நேர்ந்தது. அந்நிலையில் விசிறியின் இரைச்சல் சிறு குறை அன்று. விசிறியின் சுழற்சியைப் பாதியாக்கினால் காற்றோட்டம் பாதியாகும். ஒலியோ ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும் என்பது பொறியியலார் வழக்கமாகக் கொள்ளும் கணக்கு. 10 டெசிபெல் குறைந்தாலே செவிக்குப் பாதியாகத் தோன்றும். எனவே அமைதிக்கு வழி, தகட்டுப் பரப்பை மிகுத்து, அகன்ற விசிறியை மெல்லச் சுழலவிடுவது. செயலியோடு இலவசமாக வரும் சிற்றாற்றி கடமையைச் செய்யும். ஆயின் பரப்புக் குறைவாதலின் வேகமாகச் சுழன்று இரையும்.

இத்துறையில் ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் புகழ்பெற்றது. 2014இல் வந்த அதன் என்எச்-டி15 இரட்டைக் கோபுர ஆற்றி, ஆறு வெப்பக்குழாய்களும் 140 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டும் கொண்டது. ஆறாண்டு உறுதியும் உண்டு. குறைசொல்ல இடமில்லாத பொருள், விலைதான் குறை. தைவானின் தெர்மல்ரைட் நிறுவனம் வழங்கும் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ, ஆறு குழாய்களும் 120 மில்லிமீட்டர் விசிறிகள் இரண்டும் உடையது. விலை அதிற் பாதிக்கும் கீழ். இரண்டிற்கும் வேறுபாடு உண்டெனினும், 88 வாட் செயலிக்கு அவ்வேறுபாடு செவிக்கு எட்டுவது அரிது. இத்தகைய செயலிக்கு நான்கு குழாய்கள் கொண்ட ஒற்றைக் கோபுரமே போதும். 148 வாட் செயலியை நாள்முழுதும் வாட்டுவோர்க்கு இரட்டைக் கோபுரம் தகும். (நற்பொருளுக்குக் கொலைகாரன் எனப் பெயரிடும் வணிகர் மனம் விளங்குவதில்லை.)

வாங்குமுன் அளவு பார்த்தல் வேண்டும். தெர்மல்ரைட் ஆற்றியின் உயரம் 155 மில்லிமீட்டர், நாக்டுவாவினுடையது 165. பெட்டியின் குறிப்பேட்டில் இடமுள்ள உயரம் அச்சிடப்பட்டிருக்கும். தாய்ப்பலகையின் சாக்கெட் ஏஎம்5ஆ, எல்ஜிஏ1700ஆ என்பதைச் சொல்லி, அதற்குரிய பிடிகள் உறையினுள் உள்ளனவா என்று கடையிலேயே திறந்து பார்த்துவிடுவது நன்று.

பொருத்தியபின்னும் இரைச்சல் இருந்தால், குற்றம் பெரும்பாலும் ஆற்றியினுடையது அன்று. எந்தச் சூட்டில் விசிறி எவ்வேகத்தில் சுழல வேண்டும் என்பதைத் தாய்ப்பலகையில் முன்கூட்டியே அமைத்து அனுப்புகின்றனர். குளிர்ந்த அறையை எண்ணி வகுத்த அவ்வமைப்பு, இங்கு 76 பாகையைக் கண்டதும் விசிறியை விரட்டுகின்றது. பயாஸ் எனப்படும் அமைப்புப் பக்கத்தில் அந்தக் கோட்டைப் பத்துப் பாகை வலப்புறம் தள்ளினால் போதும், காசு செலவில்லை. விசிறி ஏறி இறங்கும் ஒலியே சீரான ஒலியினும் தொல்லை தருவது. ஒரு பக்கத்தைத் திறந்தவுடன் செயலி நொடிப்பொழுது சூடேறித் தணியும். அதற்கெல்லாம் விசிறி பதறாதிருக்க, வேகம் மாறுமுன் சில நொடி காத்திருக்குமாறு அமைக்கும் வசதியும் பெரும்பாலான பலகைகளில் உண்டு. பெட்டியின் முன்புறம் காற்றுப் புக வழியின்றிக் கண்ணாடியால் மூடியிருப்பின், இவை அனைத்தும் பாதிப்பயனே தரும்.

இன்னும் ஒன்று. ஆற்றியின் அடித்தளத்தில் ஒட்டியுள்ள ஒளிபுகு மென்தாளை உரித்த பின்னரே, பட்டாணியளவு வெப்பப் பசை இட்டுப் பொருத்த வேண்டும். தாளை உரிக்க மறந்து, சூடு தணியவில்லை என்று ஆற்றியைப் பழிப்பவர் தொகை சிறிதன்று.