கரையில் நிற்பவர்

தாராபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் நீந்தக் கற்றது எங்கே என்று கேட்டால், பலரும் அமராவதி ஆற்றைச் சொல்வதில்லை. தோட்டத்துக் கிணற்றையே சொல்வர். கவலை இறைத்த அகன்ற கிணறு, பாறையை ஒட்டி இறங்கும் படிகள், சிறுவனின் முதுகில் கட்டிய சுரைக்குடுக்கை, அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைப் பிடித்தபடி படியில் அமர்ந்திருக்கும் தந்தை அல்லது தாய்மாமன் என அக்காட்சி அமையும். கயிற்றைப் பிடித்தவரின் பார்வை சிறுவனை விட்டு அகலாது.

ஆழ்துளைக் கிணறுகள் பெருகியபின் அத்தகைய கிணறுகள் பல வறண்டன. நீச்சல் கற்கும் இடம் மறைந்தது. ஆனால் நீர் மறையவில்லை. அணையில் தண்ணீர் திறக்கும் நாள்களில் ஆறும் வாய்க்கால்களும் நிறைந்து ஓடுகின்றன. 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இச்சூழலில் பள்ளி வளாகங்களிலும் தோட்ட விடுதிகளிலும் அமையும் நீச்சல்குளங்கள் வரவேற்கத்தக்கவையே. எனினும் பெருநகரத்திற்கு வெகுதொலைவில் உள்ள குளத்தில், கயிற்றைப் பிடித்திருந்தவரின் இடத்தில் நிற்கப்போவது யார்?

குளம் கிணற்றைவிடப் பாதுகாப்பானதாகத் தோன்றுகிறது. அதன் ஆழம் தெரியும், அடித்தளமும் தெரியும். இத்தோற்றமே கவனத்தைக் குலைக்கிறது. நீரில் மூழ்குபவர் கையசைத்துக் கூவுவார் என்று திரைப்படங்கள் நம்மை நம்பவைத்துள்ளன. உண்மையில் மூச்சுவிடவே போராடுபவரால் கூவ இயலாது. தலை பின்னுக்குச் சாயும். வாய் நீர்மட்டத்தில் அமிழ்ந்து எழும். கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்தும். ஒரு நிமிடத்திற்குள் அனைத்தும் ஓசையின்றி முடிந்துவிடலாம். எனவே, உயிர்காப்பாளர் பயிற்சியின் முதற்பாடம் நீந்துவதன்று; பார்ப்பதாகும். குளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, மேற்பரப்பையும் அடித்தளத்தையும் இடைவிடாது நோக்கப் பழக வேண்டும். நுழைவுச்சீட்டு கிழிப்பவரையே காவலுக்கும் நிறுத்துவது சிக்கனம் ஆகாது. அப்போது குளத்திற்குக் காவலே இல்லை என்பதே பொருள்.

மீட்பிலும் பழைய பழக்கங்கள் சிலவற்றைக் கைவிட வேண்டியுள்ளது. தத்தளிப்பவரைக் கண்டதும் குதிப்பது நம் இயல்பு. ஆனால், அவர் மீட்க வந்தவரையே பற்றி அழுத்துவார். ஆகவே முதலில் நீண்ட கழியை நீட்டவும், மிதவை வளையத்தைக் கயிற்றுடன் வீசவும் கற்பிக்கின்றனர். நீரில் இறங்குவது அதன் பிறகே. கரையேற்றியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் பெருந்தீங்கு. மூழ்கியவருக்குக் குறைந்துபோனது உயிர்வளி. மூச்சு நின்றிருந்தால் முதலில் வாய்வழியே காற்றைச் செலுத்த வேண்டும். பின்னர், 30 முறை மார்பை அழுத்தி 2 முறை காற்றூதுவதைத் தொடர வேண்டும். உயிர்வளி கிட்டாத மூளை சில நிமிடங்களிலேயே பழுதடையத் தொடங்கும். 108 ஊர்தி நகரத்தில் விரைவில் வந்துவிடலாம். ஊருக்கு வெளியே உள்ள தோட்டத்திற்கு அது வந்துசேரும் வரை கரையில் இருப்பவரே மருத்துவ உதவியாளர்.

நீரைப் பேணுவதும் இப்பயிற்சியில் அடங்கும். கார அமிலநிலை 7.2 முதல் 7.8 வரையிலும், கிருமிகொல்லும் குளோரின் ஒரு லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் வரையிலும் இருத்தல் பொதுவான அளவு. கொங்குநாட்டுக் கோடைவெயிலில் குளோரின் விரைவாகச் சிதையும் என்பதால் நாளுக்கு ஒருமுறை சோதிப்பது போதாது. ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியை இயக்குபவருக்குப் பிளீச்சிங் பவுடர் புதியதன்று. ஆயினும் அதனை அமிலத்தின் அருகே வைக்கக்கூடாது என்பதை அவருக்கும் சொல்லித்தர வேண்டும். இரண்டும் கலந்தால் நச்சுவாயு வெளிப்படும். நீர் கலங்கி அடித்தளம் தெரியாவிட்டால், எவர் வற்புறுத்தினாலும் குளத்தை மூடும் அதிகாரம் அவருக்கு வேண்டும்.

தொலைவூர்களில் இவையெல்லாம் இயலுமா என்னும் ஐயத்திற்கு மேற்கு ஆஸ்திரேலியா விடை தருகிறது. பெர்த் நகரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள ஜிகலாங் உள்ளிட்ட பழங்குடியினர் ஊர்களில் 2000ஆம் ஆண்டில் நீச்சல்குளங்கள் திறக்கப்பட்டன. முறையாகப் பயின்ற மேலாளர்கள் அவற்றை நடத்தினர். பள்ளிக்கு வராத நாளில் குளத்திற்கும் அனுமதி இல்லை என்பது அங்கு வழங்கிய விதி. அவற்றுள் ஓர் ஊரில், சிறுவர்களிடையே 62 விழுக்காடாக இருந்த தோல்புண் 18 மாதங்களில் 18 விழுக்காடாகக் குறைந்ததை ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். வங்கதேசமோ குளம் கட்டவும் காத்திருக்கவில்லை. ஊர்க்குட்டையில் மூங்கில் மேடையும் தடுப்பும் அமைத்து, அவ்வூர்க்காரர்களையே பயிற்றுநர்களாக்கி, 4 வயது முதல் குழந்தைகளுக்கு நீச்சல் கற்பித்தது.

தாராபுரம் பகுதியில் கிணற்றில் நீந்திக் கற்றவர்கள் இன்னும் இருக்கின்றனர். ஆழத்திற்கு அஞ்சாத அவர்களுக்குக் கழியும் மூச்சூட்டலும் குளோரின் சோதனையும் சில வாரங்களில் கைவரும். அப்பயிற்சியின் கடைசிப் பகுதி குளம் மூடும் வேளைக்குரியது. உள்ளே வந்தவர் எத்தனை, வெளியேறியவர் எத்தனை என்று எண்ணுதல், விளக்கொளியில் அடித்தளத்தை மீண்டும் ஒருமுறை பார்த்தல், வேலிக்கதவைப் பூட்டுதல், பூட்டிய நேரத்தைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுதல்.