கையில் ஒரு தொழில் – 9: ராட்டை சுற்றத் தெரிந்தவருக்கு எதற்கு வகுப்பு?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் இருக்கும் பெருமுக்கலிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெட்டி ராட்டை வாங்கி, வீடியோ பார்த்தே நூற்கப் பழகிவிட்டாராம். நூல் வருகிறது, ஆனால் ஓரிடத்தில் முண்டு முண்டாகத் தடிக்கிறது, அடுத்த சாணில் மெலிந்து அறுந்துபோகிறது. வகுப்பில் சேர்ந்தால் தேறுமா, பழகப் பழகத் தானே சரியாகுமா என்பது அவர் கேள்வி.

தானே சரியாகாது. தப்பாகச் சுற்றினால் அந்தத் தப்புதான் கைக்குப் பழகும்.

அவர் பக்கத்துக்கு இது புதுத் தொழிலும் அல்ல. பெருமுக்கல் மலைக்கோட்டைக்காக 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடித்துக்கொண்டார்கள். இருவரின் வணிகக் கம்பெனிகளும் இந்தக் கடற்கரையில் கடை விரித்ததே முக்கியமாகத் துணி வாங்கத்தான். அந்தத் துணியை நெய்தவை சுற்றுவட்டாரத் தறிகள். தறிகளுக்கு நூல் வந்தது பெண்களின் ராட்டைகளிலிருந்து. ஒரு தறி ஓயாமல் ஓட வேண்டுமானால் பல ராட்டைகள் சுற்ற வேண்டும். அப்போது வகுப்பு யாரும் நடத்தவில்லை. அம்மாவோ அத்தையோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கை தவறினால் அப்போதே சொல்வார்கள். 19ஆம் நூற்றாண்டில் மில் நூல் வந்து குவிந்ததும் ராட்டை பரணுக்குப் போனது, பக்கத்தில் இருந்து திருத்துகிற ஆளும் இல்லாமல் போனார். இன்றைய வகுப்பு அவருடைய இடத்தில்தான் வருகிறது.

அந்த ஆள் எதைத் திருத்துவார்? வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கை பஞ்சுப் பட்டையைப் பிடித்துக் கதிர் முனையிலிருந்து பின்னால் இழுக்கிறது. முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்துக்குத்தான் முதலில் ஓடும். தடித்த இடம் முறுக்கேறாமல் தொளதொளவென்று நிற்கும். புதியவர் அதைப் பார்த்ததும் பயந்து, இழுப்பதை நிறுத்திவிட்டுச் சக்கரத்தை வேகமாகச் சுற்றுவார். முண்டு அப்படியே கெட்டிப்பட்டுவிடும். தேர்ந்தவர் சக்கரத்தை மட்டுப்படுத்தி, கையை இன்னும் கொஞ்சம் பின்னால் கொண்டுபோவார். மெலிந்த பகுதி ஏற்கெனவே ஏறிய முறுக்கால் தாங்கிக்கொள்ளும். முண்டு மட்டும் இழுபட்டு மெலியும். நூல் சீரானதும் மீதி முறுக்கை ஏற்றி, சக்கரத்தைச் சற்றே பின்னுக்குத் திருப்பி, நூலைக் கதிரில் சுற்றிவிடுவார். இவ்வளவும் சில நொடிகளில் முடிந்துவிடும். வீடியோவில் அவர் கை தெரியும்; உங்கள் பிடி எந்த நொடியில் இறுகியது என்று அது சொல்லாது.

கையை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. பாதிக் கோளாறு பஞ்சில் இருக்கும். 1917இல் பரூச் கல்வி மாநாட்டில் காந்தி சந்தித்த கங்காபென் மஜும்தார், அவருக்காக ராட்டையை நெடுநாள் தேடி, பரோடா சமஸ்தானத்து விஜாப்பூரில் கண்டார். மூலையில் கிடந்த ராட்டைகளை மறுபடி சுற்ற அங்கே பலர் தயாராக இருந்தார்கள். பட்டை போட்ட பஞ்சு தவறாமல் வர வேண்டும், நூலை வாங்கிக்கொள்ளவும் வேண்டும் என்றார்கள். மில் முதலாளி உமர் சோபானி தம் மில்லிலிருந்து பட்டைகள் கொடுத்தார். கையால் நூற்பதற்கு மில் பட்டையா என்று காந்திக்கு உறுத்தியது. மாதம் 35 ரூபாய் கேட்ட ஒரு பஞ்சு கொட்டுகிறவரைக் கங்காபென் அமர்த்தி, இளைஞர்களுக்குப் பட்டை போடப் பழக்கினார்.

ஆகவே, சேரும் முன் முதல் கேள்வி: பஞ்சு கொட்டவும் பட்டை போடவும் சொல்லித்தருவீர்களா? எந்தப் பஞ்சு என்றும் கேளுங்கள். கருங்கண்ணி போன்ற நாட்டுப் பருத்தியில் இழை குட்டை. அதனால் முறுக்கு கூடுதலாக வேண்டும். 1974இல் கோவையிலிருந்து வந்த சுவின் ரகத்தில் இழை நீளம். கை தாராளமாகப் போகலாம். ஒன்றில் பழகிய இழுப்பு இன்னொன்றுக்கு அப்படியே ஒத்துவராது.

இரண்டாவது கேள்வி: எந்த ராட்டை? 1929இல் அகில இந்திய சர்க்கா சங்கம் மேம்பட்ட ராட்டைக்கு 1 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. ராட்டையின் விலை 150 ரூபாயைத் தாண்டக்கூடாது, 8 மணி நேரத்தில் 16,000 கெஜம் நூற்க வேண்டும் என்பவை நிபந்தனைகளில் சில. பரிசை யாரும் தட்டிச் செல்லவில்லை. பின்னாளில் தமிழ்நாட்டு ஏகாம்பரநாதன் உருவாக்கி, அவர் பெயராலேயே வழங்கும் அம்பர் ராட்டையில் பல கதிர்கள் ஒன்றாகச் சுற்றும். கூலிக்கு நூற்கிறவருக்கு அது பெரிய உதவி. ஆனால் அதில் பஞ்சை இழுத்து மெலிப்பவை உருளைகள்; கைக்கு மிஞ்சுவது சுற்றுவதும் அறுந்ததை ஒட்டுவதும்தான். கதர் மையங்கள் பலவற்றில் சொல்லித்தருவது அம்பர் வகைதான். அதில் முதல் மாணவியாகத் தேறினாலும் பெட்டி ராட்டையில் முண்டு விழுவது நிற்காது. ஒற்றைக் கதிரில் கையால் இழுக்கச் சொல்லித்தருகிறவரைத் தேடுங்கள்.

வகுப்பால் பலன் உண்டா என்பதைத் தராசே சொல்லும். கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் சிறு தராசு போதும். 100 மீட்டர் நூல் 3 கிராமுக்குச் சற்றுக் குறைவாக நின்றால், நூலின் மெலிவுக் கணக்கில் அது 20ஆம் நம்பர். 6 கிராமை நெருங்கினால் 10ஆம் நம்பர். ஒரே நாள் நூலில் நான்கு இடங்களில் 10 மீட்டர் எடுத்துத் தனித்தனியாக நிறுத்துக் குறித்துவையுங்கள். நான்கும் நெருங்கி வந்தால் கை தேறுகிறது. எவ்வளவு மெல்லிய நூல் என்பது பிறகு. தடித்த நூலானாலும் சீராக இருந்தால் நெசவாளர் வாங்கிக்கொள்வார். மெல்லியதாக வந்து தறியில் அறுகிற நூலை எடுக்க மாட்டார்.

மாதக் கணக்கில் சுற்றியும் இந்த நான்கு எடைகள் நெருங்கவில்லையா? யோசிக்காமல் வகுப்பில் சேருங்கள். போகும்போது நல்ல நூலைக் கொண்டுபோக வேண்டாம். முண்டு விழுந்ததையும் அறுந்ததையும் கொண்டுபோங்கள். ஆசிரியர் பாடத்தை அதிலிருந்துதான் தொடங்குவார்.

(அடுத்த வாரம்: சிட்டம் போடுவதும் கஞ்சி ஏற்றுவதும்)