ஞானஸ்நானமும் குழவியும்: வினைவழக்கு நோக்கிய ஓர் ஆய்வு

கிறித்தவத் தமிழ் நூல்களை ஆராய்வோர் பெரும்பாலும் பெயர்ச்சொற்களையே நோக்குவர். 'ஞானஸ்நானம்' வடசொல், 'திருமுழுக்கு' தமிழ்ச்சொல். முன்னது பழைய வழக்கு, பின்னது புது வழக்கு என்று கூறி அமைவர். இவ்வாராய்ச்சி பயனுடையதே. எனினும் அப்பெயரோடு சேர்ந்து நிற்கும் வினை எது என்று நோக்கினாலன்றி, அச்சொல்லை வழங்கும் மக்களின் கொள்கை முழுதும் விளங்காது. குழந்தைக்கு ஞானஸ்நானம் 'கொடுத்தனர்' என்பது ஒரு வழக்கு. இளைஞன் ஒருவன் ஞானஸ்நானம் 'எடுத்தான்' என்பது மற்றொரு வழக்கு. ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டை போன்ற சென்னைப் புறநகர்களில், கத்தோலிக்கரும் தென்னிந்தியத் திருச்சபையாரும் பெந்தெகொஸ்தே சபையாரும் அண்டை அயலாராய் வாழுமிடத்து, இவ்விரு வழக்கும் ஒருங்கே செவிப்படும். கேட்போர் இவற்றை ஒருபொருட் கிளவிகள் என்றே கொள்வர். அவை அத்தகையன அல்ல. பச்சிளங் குழவி மீட்புப் பெறுவது எவ்வாறு என்னும் வினாவிற்கு எழுந்த இரு வேறு விடைகள் அவ்வினைகளில் அடங்கியுள்ளன என்பதை இக்கட்டுரையில் காட்ட முயல்வோம்.

குற்றமின்மையின் இருவகை

குழந்தை குற்றமற்றது என்று உலகோர் கூறுவர். கிறித்தவரும் அவ்வாறே கூறுவர். ஏரோது மன்னனால் கொல்லப்பட்ட பெத்லகேம் குழவிகளை மாசில்லாக் குழந்தைகள் எனப் போற்றி, ஆண்டுதோறும் திசம்பர் 28ஆம் நாளைக் கத்தோலிக்கர் அவர்தம் திருநாளாகக் கொண்டாடுகின்றனர். வீரமாமுனிவர் தம் தேம்பாவணியில் குழவிகள் வதையைத் தனிப்படலமாகவே பாடினார். அங்ஙனமாயின், மாசில்லாத குழவிக்கு மாசு கழுவும் நீராட்டு எதற்கு என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

இவ்வையத்தைத் தீர்த்தற்குரிய சொற்கள் பழைய தமிழ் ஞானோபதேச நூல்களிலேயே உள்ளன. பாவத்தை அவை 'சென்மப் பாவம்' என்றும் 'கருமப் பாவம்' என்றும் இரண்டாகப் பகுத்தன. முன்னது, முதல் மனிதனாகிய ஆதாமின் வீழ்ச்சியால் மாந்தர் அனைவரையும் பிறப்பிலேயே பற்றுவது. பின்னது, அறிவறிந்த பின்னர் ஒருவன் தானே செய்வது. குழவியிடத்துக் கருமப் பாவம் இல்லை என்பதில் கிறித்தவப் பிரிவினர் எவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. சென்மப் பாவம் குழவியைத் தண்டனைக்கு உரியதாக்குமா என்பதே அவர்களிடையே உள்ள வழக்கு. 'மாசற்ற' என்னும் அடைமொழியைக் காணுமிடந்தோறும், எம்மாசு அற்றது என்று வினவிப் பொருள் கொள்ளுதல் வேண்டும்.

சென்மப் பாவத்தைச் சைவ சித்தாந்தத்து ஆணவ மலத்தோடு ஒப்பிடுவாரும் உளர். ஒப்புமை ஓரளவே செல்லும். செம்பிற் களிம்பு போல உயிரோடு உடனாய் நிற்கும் ஆணவம் அனாதியானது; அதற்குத் தோற்றம் இல்லை; தாய் தந்தையரிடமிருந்து அது வருவதும் இல்லை. சென்மப் பாவமோ ஒரு காலத்தில் ஒருவனால் தொடங்கி, வழிவழியாய் வருவது. அதனை 'ஆணவம்' என்று பெயர்த்தல் பிழையாய் முடியும்.

இக்கொள்கைக்கு மேலைத் திருச்சபையில் உரம் தந்தவர் அகுஸ்தீன் (354–430) ஆவார். ஆதாமின் பாவம் பிறரைச் சார்வது பிறப்பினால் அன்று, அவனைப் பின்பற்றுதலினாலேயே என்று பெலாகியுசு என்பார் கூறியதை அவர் மறுத்தார். குழந்தைக்கும் பாவமன்னிப்பிற்காகவே திருச்சபை நீராட்டுச் செய்கின்றது என்பது அவர் வாதம். 418இல் கார்த்தேசு நகரில் கூடிய சங்கம் பெலாகியுசின் கொள்கையைக் கடிந்தது. 1546இல் திரெந்து சங்கமும் சென்மப் பாவக் கோட்பாட்டை வலியுறுத்தியது. தமிழகத்திற்கு வந்த கத்தோலிக்கத் துறவியர் இக்கோட்பாட்டைத் தாங்கியே வந்தனர்.

முத்துக்குளித்துறை முதல் தரங்கம்பாடி வரை

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருந்தொகையினராய்க் கிறித்தவம் தழுவினர். 1542இல் அங்கு வந்த பிரான்சிசு சவேரியார், அவ்வாண்டு அக்டோபர் 28ஆம் நாள் தூத்துக்குடியிலிருந்து எழுதிய கடிதத்தில், வலக்கைக்கும் இடக்கைக்கும் வேற்றுமை அறியாத குழந்தைகள் பலர்க்குத் தாம் ஞானஸ்நானம் அளித்ததைக் கூறுகின்றார். அத்தொடர் விவிலியத்து யோனா நூலில் வருவது. நினிவே நகரை அழிக்காது இறைவன் இரங்கியதற்குக் காரணமாக அறியாச் சிறாரைச் சுட்டுமிடத்தில் அது நிற்கின்றது. அறியாமையை இரக்கத்திற்குக் காரணமாகக் காட்டிய அத்தொடரைச் சவேரியார் நீராட்டுப் பெறுவாரைச் சுட்ட எடுத்தாண்டமை கருதத்தக்கது.

பதினேழாம் நூற்றாண்டில் மதுரையில் வாழ்ந்த தத்துவ போதகர் முதலாயினோர் காலத்தில் வடசொல் மிகுந்த சமய வழக்கு வேரூன்றியது. அவர் வழிவந்தோர் நாட்டு மக்களின் ஒழுகலாற்றிற்கு இசைய நீராட்டுச் சடங்கிலும் சில விலக்கினர். குரு தம் உமிழ்நீரைக் குழவியின் செவியிலும் நாசியிலும் தொடுதலும், முகத்தில் ஊதுதலும் உரோமைச் சடங்கில் இருந்தன. தமிழர்க்கு அவை எச்சில், அருவருப்பைத் தருவன. புதுச்சேரியில் தங்கிய பாப்பரசரின் தூதர் தூர்னோன் 1704 சூன் 23ஆம் நாள் ஓர் ஆணை பிறப்பித்து, இச்சடங்குகளை விடலாகாது என்றார். குழந்தைகளின் ஞானஸ்நானத்தைக் காலந் தாழ்த்தலாகாது என்பதும் அவ்வாணையில் அடங்கியது. நாற்பது ஆண்டுகள் நீண்ட இவ்வழக்கின்மேல், 1744இல் பதினான்காம் பெனடிக்டு பாப்பரசர் தம் ஆணையை வெளியிட்டார். சடங்கைக் குறைத்தவரும் அதனை வற்புறுத்தியவரும் ஒன்றில் உடன்பட்டனர்: குழவி நீராட்டப்படுதல் இன்றியமையாதது என்பதே அது.

1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவும் அவர்தம் உலுத்தரன் சபையும் கத்தோலிக்கரோடு பலவற்றில் மாறுபட்டனர். அச்சபையாரை மறுத்து வீரமாமுனிவர் வேத விளக்கம், பேதகம் மறுத்தல் முதலிய நூல்களை இயற்றினார். எனினும் குழந்தை ஞானஸ்நானத்தில் இரு சாராரும் ஒன்றுபட்டே நின்றனர். 1530இல் எழுந்த அவுசுபர்க்கு அறிக்கை, குழந்தைகளுக்கு நீராட்டளித்தல் வேண்டும் என்றே கூறுகின்றது.

மாறுபட்டோர் பிறர். 1525இல் சூரிச்சு நகரில் தோன்றிய மறுமுழுக்கினரும், பதினேழாம் நூற்றாண்டில் எழுந்த பாப்திசுதுச் சபையினரும், விசுவாசத்தைத் தன் வாயால் அறிக்கையிட வல்லார்க்கே நீராட்டு உரியது என்றனர். இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்தில் பரவிய பெந்தெகொஸ்தே சபைகளும் இக்கொள்கையின. இச்சபையார் குழந்தையைக் கோயிலிற் கொணர்ந்து இறைவனுக்கு ஒப்படைத்துப் 'பிரதிஷ்டை' செய்வர், நீராட்டார். சிறு பிள்ளைகளைத் தம்மிடம் வரவிடுமாறு இயேசு கூறிய மாற்கு நற்செய்திப் பகுதியை இரு சாராரும் சான்றாகக் காட்டுகின்றனர். வரவிடுக என்றமையால் நீராட்டுக என்பார் ஒரு சாரார். விண்ணரசு அத்தகையோரது என்றமையால் நீராட்டு வேண்டா என்பார் மற்றொரு சாரார்.

தன்வினையும் பிறவினையும்

இனிச் சொல்லை நோக்குவோம். ஆடு என்பது தன்வினை. ஆட்டு என்பது பிறவினை. முழுகு என்பது தன்வினை. முழுக்கு என்பது பிறவினை. குழவி தானே நீராடுவதில்லை. தாய் அதனை நீராட்டுவாள். கண்ணனை நீராட அழைக்கும் யசோதையின் கூற்றாகப் பெரியாழ்வார் பாடிய பதிகம் இவ்வுறவின் மேலேயே நிற்பது.

இவ்விலக்கணம் சமய வழக்கிலும் தொழிற்படுகின்றது. ஞானஸ்நானம் 'கொடுத்தல்' என்னுமிடத்துக் குழவி கொள்வோனாய் நான்காம் வேற்றுமையில் நிற்கின்றது. வினைமுதல் குருவும் திருச்சபையும். 'எடுத்தல்' என்னுமிடத்து நீராடுவோனே எழுவாய், வினையும் அவனது. முதல் வழக்கில் அருள் முந்தி, அறிவு பிந்தும். இரண்டாம் வழக்கில் அறிவும் விசுவாசமும் முந்தி, நீராட்டு அவற்றைத் தொடரும். 'குழந்தை ஞானஸ்நானம் எடுத்தது' என்று சொல்லத் தமிழர் நா கூசுவது இதனாலேயே.

பெயர்ச்சொல்லின் நெகிழ்ச்சியும் கருதத்தக்கது. கிரேக்க மூலச்சொல்லுக்கு அமிழ்த்துதல் என்றே பொருள் கொண்டு பாப்திசுதுக் குருமார் பெயர்த்த வங்க மொழி விவிலியத்தை அச்சிடப் பொது விவிலியச் சங்கத்தார் மறுத்தனர். அதன் விளைவாக 1836இல் அமெரிக்காவில் அச்சபையார் தமக்கெனத் தனிச் சங்கமே நிறுவினர். தமிழில் 'ஸ்நானம்' என்பது குளத்தில் மூழ்குதலையும் குடநீர் வார்த்துக்கொள்ளுதலையும் ஒருங்கே குறிக்கும். ஆதலின் 1871இல் வெளிவந்த தமிழ் விவிலியத்தின் 'ஞானஸ்நானம்' என்னும் சொல்லை, தெளிப்போரும் மூழ்குவோரும் ஒருப்படக் கையாள முடிந்தது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம் 'திருமுழுக்கு' என்னும் சொல்லை ஆள்கின்றது. முழுகுதலின் அடியாய்ப் பிறந்த இச்சொல் மூழ்குவோர் கொள்கைக்கே ஏற்றது போலத் தோன்றும். ஆயின் குடமுழுக்கில் நீர் மேலிருந்து சொரியப்படுதலை நோக்குக. முழுக்கு என்பது பிறவினைத் தொழிலையும் சுட்டுதலின் குழவிக்கும் அது பொருந்தும்.

மீட்பைக் குறிக்கும் சொற்களிலும் இவ்வேறுபாடு உண்டு. 'ஈடேறுதல்' உயிர் தான் மேற்செல்லுதல். 'மீட்டல்' ஒருவன் பிறிதொன்றைத் திரும்பக் கொணர்தல். கரந்தைத் திணையில் மறவர் ஆநிரை மீட்பர். ஆநிரையின் உடன்பாட்டை எவரும் வினவார். மீட்பு என்னும் சொல்லே குழவியின் நிலைக்கு மிக நெருங்கியது என்பது நம் கருத்து.

சைவ மரபும் இவ்வினாவை எதிர்கொண்டுள்ளது. நியமங்களைக் காக்கும் வன்மையுடையார்க்குச் சபீச தீக்கையும், பாலர், முதியோர், நோயாளர் முதலாய வன்மையில்லார்க்கு நிர்ப்பீச தீக்கையும் உரியன என்று சிவஞான சித்தியார் வகுக்கின்றது. கடமையேற்க இயலாதார்க்கும் அருள்வாயில் அடைபடலாகாது என்பதே அவ்வகுப்பின் உட்கிடை.

நீராட்டுப் பெறாது இறந்த குழவி

இக்கொள்கை வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. நீராட்டிற்கு முன் இறந்த குழவியின் கதி யாது? அகுஸ்தீன் அக்குழவிகளுக்கு மிக எளிய தண்டனையேனும் உண்டென்றார். இடைக்காலத்து அறிஞர் அதனைத் தணித்து, துன்பமும் இன்றி இறைக்காட்சியும் இன்றி அவர்கள் வைகும் 'இலிம்போ' என்னும் நிலையைக் கூறினர். சாகுந் தறுவாயிலுள்ள குழவிக்குக் குருவே வேண்டுமென்பதில்லை. எவரும் முறைப்படி நீர் வார்க்கலாம் என்று திருச்சபை இசைந்ததற்கும் இவ்வச்சமே காரணம். 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் நீராட்டுப் பெறாதார்க்குத் திருச்சபை அடக்கத்தை விலக்கியது. பிள்ளையை இழந்த தாய்க்கு, அதனைப் புதைக்கும் இடத்திலும் மற்றோர் இழப்பு நேர்ந்தது.

பின்னர் நிலைமை மாறியது. 1969இல் குழந்தைகளுக்கெனவே வகுக்கப்பட்ட திருமுழுக்குச் சடங்கில், முன்னர்க் குழந்தையை நோக்கிக் கேட்டு ஞானப்பெற்றோர் விடையிறுத்த வினாக்கள் பெற்றோரையும் ஞானப்பெற்றோரையும் நோக்கியே கேட்கப்பட்டன. அவர்கள் அறிக்கையிடுவது தம் விசுவாசத்தையே. இங்கும் வினையின் எழுவாய் மாறியமை காண்க. பெற்றோர் நீராட்ட எண்ணியிருந்து அதற்குள் இறந்த குழவிக்கு ஆயரின் இசைவோடு திருச்சபை அடக்கம் செய்யலாம் என 1983ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. 1992இல் வெளிவந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூல் அத்தகைய குழவிகளை இறைவனின் இரக்கத்திற்கு ஒப்படைக்கின்றது. 2007இல் அனைத்துலக இறையியல் ஆணைக்குழு, அவர்கள் மீட்படைவர் என்று நம்புதற்குத் தக்க காரணங்கள் உள என்றும், அஃது உறுதியான அறிவன்று, நம்பிக்கையே என்றும் வரையறுத்தது. 1970இல் அமைந்த வட இந்தியத் திருச்சபையோ குழந்தை நீராட்டு, விசுவாசியின் நீராட்டு ஆகிய இரண்டையும் தன்னுள் ஏற்றது.

புறநானூற்று 74ஆம் பாட்டு இங்கு நினைக்கத்தக்கது. பிறந்து இறந்த குழவியையும், உருப்பெறாத ஊன்பிண்டத்தையும்கூட ஆள் அன்றென்று கருதாது வாளால் வடுப்படுத்திய பின்னரே அடக்கிய மறவர் வழக்கத்தை அது சுட்டுகின்றது. வீரசுவர்க்கம் பற்றிய அக்கொள்கை வேறு, கிறித்தவ மீட்புக் கொள்கை வேறு. ஆயினும், ஒன்றும் செய்யாது மறைந்த உயிரைத் தம்முள் ஒன்றாக எண்ணுதற்கு ஒரு செயல் வேண்டும் என்று உயிரோடிருப்போர் கருதுவது இரண்டிற்கும் பொது. அச்செயலைக் குழவி செய்வதன்று. குழவிக்காகப் பிறர் செய்வது.

முடிபு

இதுகாறும் கூறியவற்றால், 'கொடுத்தல்', 'பெறுதல்', 'எடுத்தல்' என்பன ஞானஸ்நானத்தோடு வாளா சேர்ந்த துணைவினைகள் அல்ல என்பது விளங்கும். அருள் முந்துமா, அறிவு முந்துமா என்னும் பழைய வழக்கு அவற்றுள் உறைகின்றது. நம் அகராதிகள் ஞானஸ்நானம் என்னும் பெயருக்குப் பொருள் தந்து அமைகின்றன. எச்சபையார் எவ்வினையோடு அதனை வழங்குவர் என்பதையும் குறித்தல் வேண்டும். கிறித்தவத் தமிழை ஆராயும் மாணாக்கர் நூல்வழக்கோடு புறநகர்த் தெருக்களின் பேச்சு வழக்கையும் தொகுப்பராயின், இவ்வாய்வு மேலும் விரிதற்கு இடனுண்டு. பிள்ளையை இழந்த ஒருத்தி, அதற்கு ஞானஸ்நானம் 'கொடுக்கவில்லை' என்று கூறுமிடத்து, அவள் தன்னையே எழுவாயாக்கித் தன்மேல் பழி ஏற்றிக்கொள்கின்றாள் என்பதை அறிதற்கும் இவ்விலக்கண அறிவு துணைபுரியும்.