நாலு வழி ரோடு வந்தாச்சு, நிலம் யார் பேரில் இருக்கு?



போன மாதம் புதுச்சத்திரம் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு வசூல், கடன் தவணை எல்லாம் முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடும் நேரத்தில் ஒரு அக்கா கேட்டார். "ரோட்டோரத்துல இருக்கற எங்க 20 சென்ட்டை ஒரு புரோக்கர் கேக்குறாரு. எங்க வூட்டுக்காரரு குடுத்துடலாம்ங்கிறாரு. முன்ன அந்த நெலத்தச் சீண்ட ஆளில்ல. இப்ப மட்டும் ஏன் இவ்வளோ வெல சொல்றாங்க?"

கூட்டம் முடிந்தும் ஒரு மணி நேரம் அதையே பேசிக்கொண்டிருந்தோம். அன்று பேசியதைத்தான் மற்ற குழுக்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

ஒரு ரோடு எப்படி ஊரை வளர்க்கிறது என்று தெரிய, முதலில் மெட்ராஸைப் பார்ப்போம். நம்மில் பலர் சொந்தக்காரர் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வந்த ஊர்தான். முன்னெல்லாம் கடலூரிலோ சிதம்பரத்திலோ பஸ் ஏறினால், ஐகோர்ட்டுக்குப் பக்கத்தில் பாரிமுனையில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். 2002ல் கோயம்பேடு பஸ் நிலையம் வந்தது. 2023 டிசம்பர் கடைசியில் வண்டலூர் தாண்டி கிளாம்பாக்கத்தில் புதிய நிலையம் திறந்தார்கள். பாரிமுனைக்கும் கிளாம்பாக்கத்துக்கும் நடுவே 30 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். "நாம மெட்ராஸுக்குப் போன காலம் போயி, மெட்ராஸு நம்மள நோக்கி வருதே" என்று குழு ஊக்குநர் சிரித்தார். அவர் சொன்னது வேடிக்கை இல்லை, நடந்தது அதுதான்.

ஏன் அப்படி நடந்தது? வேலைக்குப் போகிறவர் மனசில் கிலோமீட்டர் கணக்கு இல்லை, நேரக் கணக்குதான். முக்கால் மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரத்தில் வேலைக்குப் போய்ச்சேர வேண்டும். நடந்தே போன காலத்தில் ஒரு மணி நேரத்தில் நாலைந்து கிலோமீட்டர்தான் முடியும். அதனால் ஊரும் அதற்குள் அடங்கியது. 1931லேயே கடற்கரை ஸ்டேஷனுக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் விட்டார்கள். அதே ஒரு மணி நேரத்தில் 30 கிலோமீட்டர் போக முடிந்தது. தாம்பரத்தில் குடியிருந்து பட்டணத்தில் வேலை பார்க்கலாம் என்று ஆனது. ரயில் பாதையை ஒட்டியே ஜி.எஸ்.டி. ரோடும் ஓடுவதால் குரோம்பேட்டை, தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், செங்கல்பட்டு என்று ரோட்டோரமாகவே ஊர் நீண்டது. பூசணிக்கொடி கயிறு கட்டின பக்கம்தானே படரும்? நகரமும் ரோடு போன பக்கம்தான் படர்ந்தது.

அப்புறம் கம்பெனிகள் வந்தன. பெங்களூர் ரோட்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1998ல் ஹூண்டாய் கார் தயாரிப்பு தொடங்கியது. பழைய மகாபலிபுரம் ரோட்டில் 2000ல் டைடல் பார்க் திறந்தது. கம்பெனிக்கு லாரி போக நல்ல ரோடு வேண்டும், ஆள் கூட்டிவர பஸ் வேண்டும். இரண்டும் நெடுஞ்சாலை ஓரத்தில் கிடைக்கும், நிலமும் பட்டணத்தை விட மலிவு. கம்பெனி வந்த பிறகு அந்த மலிவு போய்விட்டது. 2022ல் சென்னைப் பெருநகரின் எல்லையை 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக அரசாங்கம் விரித்தது. அதாவது, ரோடு முதலில் போனது, வீடுகள் பின்னால் போனது, எல்லைக்கோடு கடைசியில்தான் போனது.

தினமும் போய்வர முடியாத தூரத்துப் பெண்களுக்கு விடுதி. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வல்லம் வடகாலில் 18,720 தொழிலாளர் தங்கும் விடுதியை 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். ஒரே வளாகத்தில் அத்தனை பேர்! நம் மாதிரி எத்தனை கிராமத்தைச் சேர்த்தால் அவ்வளவு ஜனம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

ரோட்டை அகலப்படுத்தினால் நெரிசல் தீரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். கொஞ்ச நாள் தீரும். ரோடு நல்லாயிருக்கிறதே என்று இன்னும் தள்ளி வீடு கட்டுவார்கள், இன்னும் வண்டி வாங்குவார்கள், மறுபடி நெரிசல். அமெரிக்காவில் 1956ல் சட்டம் போட்டு நாடு முழுக்கப் பெரிய ரோடு போட்டார்களே, அங்கேயும் இதே கதைதான்.

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். விழுப்புரத்திலிருந்து புதுச்சேரி, கடலூர், சிதம்பரம் வழியாக நாகப்பட்டினம் போகும் ரோட்டை முன்பு 45ஏ என்றோம். நம் மாவட்டத்தில் இப்போது அதற்கு எண் 32. அதைத்தான் நாலு வழியாக்கி, கொத்தட்டையில் 2024 டிசம்பரில் சுங்கச்சாவடியும் திறந்தார்கள். மெட்ராஸ் அளவுக்கு இல்லாவிட்டாலும் இங்கேயும் இழுக்கும் இடங்கள் உண்டு. வடக்கே புதுச்சேரி கம்பெனிகள், நடுவே குடிகாடு சிப்காட். ரெட்டிச்சாவடி பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்குப் போகும் பெண்கள் நிறைய. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றானதும், "பஸ் காசுக்கே கூலி போயிடும்" என்று வீட்டில் இருந்த சிலர் வேலைக்குக் கிளம்பினார்கள். ரோடு மட்டும் போதாது, அதில் நமக்கான வண்டியும் ஓட வேண்டும் என்பதை நாம் கண்ணால் பார்த்தோம்.

ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி லாபம் இல்லை. கார் வைத்திருப்பவருக்குச் சிதம்பரம் கிட்டே வந்துவிட்டது. புல்லுக்கட்டு தூக்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போகிறவருக்கு நடுவே தடுப்பு, பாலம் இருக்கும் இடம் வரை சுற்றி நடக்க வேண்டும். சுற்றாமல் தடுப்பு ஏறிக் குதிக்கிறோம். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், காரின் வேகம் நம் கண்ணுக்குப் பிடிபடாது. ஊரை ஒதுக்கிப் புறவழி போட்ட இடத்தில் பழைய ரோட்டில் டீக்கடை, இட்லிக்கடை போட்டவர்களுக்கு வியாபாரம் பாதியாகிறது. நம் குழுவில் கடன் வாங்கிப் பெட்டிக்கடை வைத்த ஒரு சகோதரி சொன்னார்: "பஸ்ஸு நின்னாத்தான் எனக்குப் பொழப்பு. இப்ப மேலால பறந்து போகுது." தொழில் கடன் கேட்டு வரும்போது கடை எந்த ரோட்டில், பஸ் நிற்குமா என்று குழுவில் கேட்பது தவறில்லை.

இனி நிலம். ரோட்டுக்கு நிலம் எடுப்பதாக இருந்தால் அறிவிப்பு அரசிதழிலும் செய்தித்தாள்களிலும் வரும், அதில் ஒன்று தமிழ்ப் பேப்பராக இருக்கும். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாளுக்குள் ஆட்சேபணையை எழுதிக் கொடுக்க வேண்டும். நாம் பேப்பர் பார்ப்பதில்லை, அதனால்தான் பல பேருக்கு நாள் கடந்த பிறகு தெரிகிறது. கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வே எண்ணைச் சொல்லிக் கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

விலை எப்படிப் போடுகிறார்கள்? அரசாங்க வழிகாட்டி மதிப்பு ஒன்று, அக்கம்பக்கத்தில் கடந்த 3 வருஷத்தில் பதிவான கிரயப் பத்திரங்களின் விலை ஒன்று. எது கூடுதலோ அதுதான் அடிப்படை. அதற்கு மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை. இங்கேதான் ஒரு சூட்சுமம். முத்திரைத்தாள் செலவு மிச்சம் என்று 5 லட்சத்துக்கு வாங்கியதை 1 லட்சம் என்று எழுதுகிறோம். நிலம் எடுக்கும்போது நாம் எழுதிக் கொடுத்த அந்த 1 லட்சமே நமக்கு எதிராக வந்து நிற்கும். கொடுத்த தொகை போதாது என்றால் மத்தியஸ்தரிடம் கேட்கலாம். நம் மாநிலத்தில் பெரும்பாலும் கலெக்டர்தான் அந்த மத்தியஸ்தர்.

இன்னொரு பக்கம், கொடி கட்டிக் கல் நட்டு "நகர்" என்று பேர் வைத்து மாதத் தவணையில் மனை விற்கிறார்கள். குழுக் கடனை எடுத்து இதில் போட்டவர்களும் உண்டு, நமக்குத் தெரியும். புதிதாகப் பிரித்த அங்கீகாரம் இல்லாத மனைக்கு 2016க்குப் பிறகு பத்திரப் பதிவு கிடையாது. 8 மனைக்கு மேல் பிரித்து விற்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், அந்த எண்ணைக் கேளுங்கள். சொல்லத் தயங்கினால் முன்பணம் கொடுக்க வேண்டாம். 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். வாங்குவதானால் உங்கள் பேரில் வாங்குங்கள். 10 லட்சம் மதிப்பு வரை பெண்கள் பேரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்பது 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது.

புதுச்சத்திரம் அக்காவின் 20 சென்ட் என்ன ஆனது என்று கேட்பீர்கள். மறுவாரம் பட்டாவை எடுத்துக்கொண்டு வந்தார். அதில் இருந்தது இறந்துபோன மாமனார் பெயர். அப்படியானால் வீட்டுக்காரர் ஒருவரே கையெழுத்துப் போட்டு விற்க முடியாது, நாத்தனார்கள் இரண்டு பேருக்கும் பங்கு உண்டு. "அட, இது அவுங்களுக்கே தெரியாதே" என்றார். தெரிந்த பிறகு மறைக்க வேண்டாம் என்று பேசி, இரண்டு நாத்தனார்களையும் வரவழைத்து, தாலுகா ஆபீசில் வாரிசுச் சான்றுக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். புரோக்கர் அதற்குள் இரண்டு தடவை வந்து போய்விட்டாராம். மூன்றாவது தடவை வந்தபோது, "பட்டா மாறட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று அக்காவே சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது ரோட்டோரத்தில் நிலம் உள்ளவர்கள் பட்டா நகலைக் கொண்டுவாருங்கள். யார் பேரில் இருக்கிறது என்று உட்கார்ந்து சேர்ந்தே பார்ப்போம்.