கடைக்காரர் அடித்த காசு!

சில்லறை இல்லையா? காங்கேயம் கடையில் மிட்டாய் கொடுப்பார்கள். அதையே திருப்பிக் கொடுத்தால் வாங்குவார்களா?

லண்டனில் வாங்கினார்கள்! 1790-களில் அங்கே செப்புக் காசுப் பஞ்சம். அரசாங்கம் போதிய காசு அடிக்கவில்லை. கடைக்காரர்களே டோக்கன் அடித்தார்கள்.

அவர்களில் ஒருவர் லாக்கிங்டன். செருப்புத் தைத்தவர், வாலிப வயதில்தான் எழுத்துக் கற்றார். பிறகு மாபெரும் புத்தகக் கடை வைத்தார். 1794-ல் வந்த அவரது அரைப்பென்னி டோக்கனில் ராஜாவின் தலை இல்லை, அவர் தலை! மறுபக்கம் எக்காளம் ஊதும் தேவதை.

அவர் கடையில் எல்லாம் ரொக்கம், கடன் கிடையாது. ஆனால் டோக்கன், கடைக்காரர் நம்மிடம் வாங்கும் கடன்தானே! கடை மூடினால் நம் காசு போச்சு.

ஆனாலும் ஜனங்கள் டோக்கன்களை ஆசையாகச் சேர்த்தார்கள். சேர்ப்பவர்களுக்கென்றே புதிது புதிதாக அடித்து விற்றார்கள். காண்டர் என்பவர் 1798-ல் பட்டியல் புத்தகமே போட்டார்.

யுத்த காலத்தில் நம் நாட்டிலும் சில்லறைப் பஞ்சம் வந்தது. 1943-ல் உலோகத்தை மிச்சம் பிடிக்க, நடுவில் துளையிட்டு வந்ததுதான் ஓட்டைக் காலணா. பாட்டியின் சுருக்குப் பையில் இருக்கிறதா, கேட்டுப் பாருங்கள்!